திருத்தம் வாசிக்கப்படாத மரண அறிவித்தல்

"நண்பகல் மரண அறிவித்தல் எதுவும் பரிசோதனை உத்தியோகத்தரின் கையொப்பம் இன்றி வாசிக்கப்படலாகாது." ஒலிபரப்பு அறிவித்தல்கள் பற்றிய உள்ளகச் சுற்றறிக்கை, ஏழாம் பந்தி.

அந்தச் சுற்றறிக்கையை வரைந்தவள் நான். பரிசோதனை உத்தியோகத்தரும் நானே. கையொப்பம் வைக்க வேண்டிய நேரத்தில் பல் வைத்தியரின் கதிரையில் மல்லாந்து, வாயைப் பிளந்தபடி கிடந்தேன். உத்தியோகத்தரின் கடைவாய்ப் பல் பிடுங்கப்படும்போது யார் கையொப்பம் வைப்பது என்று ஏழாம் பந்தி சொல்லவில்லை. நாற்பது வருடம் அரசாங்கத்துக்குப் படிவம் வரைந்தவளுக்குத் தன் பல்லைப் பற்றி யோசிக்கத் தோன்றவில்லை.

கச்சான் என்ற வறண்ட மேல்காற்று வீசும் மாதம். மத்தியானம். வைத்தியரின் ஜன்னலுக்கு வெளியே உள்துறைமுகம் அசையாமல் கிடந்தது. அவ்வளவு வெளிச்சத்தில் தண்ணீருக்கு நிறமே இல்லை. ஜன்னல் விளிம்பில் ஒரு சின்ன ரேடியோ. திருகோணமலையில் பன்னிரண்டே முக்காலுக்கு மரண அறிவித்தல் கேட்காமல் சோற்றில் கை வைப்பவர்கள் குறைவு. வைத்தியரும் பல் பிடுங்கும் குறட்டைக் கையில் பிடித்தபடி காதை அந்தப் பக்கம் சாய்த்தார்.

எங்கள் நிலையத்துப் பயிற்சியாளர் தர்சிகாவின் குரல் வந்தது.

"சல்லியைப் பிறப்பிடமாகவும் வசிப்பிடமாகவும் கொண்ட கணபதிப்பிள்ளை யோகராசா காலமானார். அன்னார் காலஞ்சென்ற கணபதிப்பிள்ளை, தங்கம்மா தம்பதியரின் அன்பு மகனும், புஷ்பராணியின் அன்புக் கணவரும் ஆவார். அன்னாரின் இறுதிக் கிரியைகள் ஏற்கெனவே நிறைவடைந்துள்ளன. இவ்வறிவித்தலை உற்றார், உறவினர், நண்பர்கள் அனைவரும் ஏற்றுக்கொள்ளவும்."

நான் கையை உயர்த்தினேன். ஏதோ சொன்னேன். விறைத்த நாக்கால் சொன்னது எனக்கே விளங்கவில்லை.

"நோகுதோ மிஸ்? கொஞ்சம் பொறுங்கோ, வேர் வந்திட்டுது," என்றார் வைத்தியர்.

நோகவில்லை. யோகராசாவின் மரணத்தை மூன்று தடவை நிராகரித்தவள் நான். நாலாம் தடவை அது என்னைக் கேட்காமலே காற்றில் ஏறிவிட்டது.

கடல் ஓர் இடம் அல்ல

பிறப்பு இறப்புப் பதிவுகளோடு காலம் தள்ளியவள் நான் என்பது இந்தத் தொடரைப் படித்து வருபவர்களுக்குத் தெரியும். (போன கிழமை எழுதிய, ஒரே பெயரில் மூன்று மகன்மாரைப் பதிந்த தகப்பனின் கதையை ஒரு வாசகர் நம்ப மறுத்திருக்கிறார். பதிவேடு நம்புகிறது. எனக்கு அது போதும்.) எந்தக் கந்தோர் என்பது முக்கியமில்லை. எல்லாக் கந்தோரும் ஒன்றுதான்: சுற்றும் மின்விசிறி, மூடிய ஜன்னல், திறந்திருப்பதாகப் பலகை தொங்கும் ஒரு கவுண்டர்.

பத்து வருடங்களுக்கு முன்பு அந்தக் கவுண்டருக்கு வந்தவள் புஷ்பம். புருசன் யோகராசா விடியற்காலையில் தனியே வள்ளம் எடுத்துக் கடலுக்குப் போனவர். காற்று இல்லை, மழை இல்லை. மறுநாள் வள்ளம் நிலாவெளிக்கு நேரே மிதந்து கிடந்தது. வலை மடித்து வைத்திருந்தது. சோற்றுப் பெட்டி கழுவிக் கவிழ்த்திருந்தது. ஆள் இல்லை.

இரண்டு வருடம் பார்த்துவிட்டு அவள் மரணத்தைப் பதிய வந்தாள். "மரணம் நிகழ்ந்த இடம்" என்ற கூட்டில் "கடல்" என்று எழுதியிருந்தாள். திருப்பி அனுப்பினேன். இடம் என்றால் கிராம சேவகர் பிரிவைக் குறிப்பிட வேண்டும்.

அடுத்த மாதம் "சல்லிக்கு நேரே உள்ள கடல்" என்று எழுதிக்கொண்டு வந்தாள். கடல் எந்தப் பிரிவிலும் அடங்காது. திருப்பி அனுப்பினேன்.

மூன்றாம் தடவை கூட்டை வெறுமையாக விட்டிருந்தாள். வெறுமையாக விடப்பட்ட படிவம் ஏற்கப்படாது என்று படிவத்தின் அடியிலேயே அச்சடித்திருக்கிறது. சுட்டிக் காட்டினேன். அவள் வெளியே போய், படிவத்தைப் படியில் வைத்துவிட்டுக் குழாயில் தண்ணீர் குடித்தாள். எங்கள் பட்டினத்தில் மான்கள் பஸ் நிலையம் வரை உலாவும். அதில் ஒன்று வந்து படிவத்தில் பாதியைத் தின்றது. மானுக்கு அதில் குறை எதுவும் தெரியவில்லை.

அதன் பிறகு அவள் வரவில்லை.

அவளுக்கு வேறு வழி இருந்தது. வேறு படிவம், வேறு கந்தோர், இன்னும் இரண்டு சத்தியக் கடதாசிகள். நான் சொல்லவில்லை. அவள் கேட்கவில்லை. கேட்காததைச் சொல்வது என் கடமைப் பட்டியலில் இல்லை.

பதிவேட்டில் ஒரு நாள்

ஓய்வு பெற்ற பின் வீட்டில் இருக்க ஏலாமல் இந்தச் சிறிய வானொலியில் ஒட்டிக்கொண்டேன். துறைமுகத்தைப் பார்த்த வீதியில், ஒரு கட்டடத்தின் இரண்டாம் மாடி. நான் போன நாளில் அங்கே விதி என்று ஒன்றும் இருக்கவில்லை. ஒரு கிழமைக்குள் பதினாலு பந்தி எழுதிக் கொடுத்தேன். முகாமையாளர் விளம்பரப் பகுதியிலிருந்து உயர்ந்து வந்த இளைஞர். வாசிக்காமலே ஒப்பமிட்டார். அறுபத்தெட்டு வயதிலும் அங்கே எல்லோருக்கும் நான் "மிஸ்"தான்.

தர்சிகா ஈச்சிலம்பற்றுப் பிள்ளை. ஊடகக் கல்வியின் கடைசி வருடம். மூன்று மாதம் எங்களிடம் பயிற்சி. பயிற்சியாளர்கள் ஒவ்வொரு நாளும் செய்ததை நேரத்தோடு ஒரு பதிவேட்டில் எழுத வேண்டும். மேற்பார்வையாளர் ஒப்பமிட வேண்டும். கடைசியில் "திருப்தியானது", "திருப்தியற்றது" என்ற இரண்டில் ஒன்றை வெட்டிவிட வேண்டும். வெட்டும் பேனை என்னுடையது. அது இல்லாமல் சான்றிதழ் இல்லை, சான்றிதழ் இல்லாமல் எந்த நிலையமும் வேலைக்கு எடுக்காது.

அவளுடைய பதிவேடு இப்போது என் அலுமாரியில் இருக்கிறது. அன்றைய பக்கம் இது.

ஐந்து இருபது: பஸ். மூதூர் வரை நின்றபடி.

எட்டு மணி: கடல் நிலை வாசிப்பு. மீனவர்கள் இருவர் ரெலிபோன் எடுத்து, காற்றின் திசையைத் திருத்தினர்.

ஒன்பது மணி: மீன் சந்தையில் மக்கள் கருத்து. ஐந்து பேர். நால்வர் மீனைத் திட்டினர். ஒருவர் மைக்கைத் திட்டினார்.

பத்தரை: குரல்களை வெட்டி ஒட்டியது.

பதினொன்று இருபது: ரூம் டோன்.

இதை விளக்க வேண்டும். ஒருவரின் பேச்சில் நடுவே வெட்டினால் அங்கே ஒரு வெற்றிடம் வரும். முற்றான வெறுமை காதுக்குப் பொய்யாகப் படும். ஆகவே அதே அறையின் மௌனத்தை ஒரு நிமிடம் பதிந்து வைத்து அந்த இடத்தில் நிரப்புவார்கள். ஒவ்வோர் அறைக்கும் தனி மௌனம் உண்டாம். இதைக் கேள்விப்பட்டபோது சிரித்தேன். இப்போது சிரிப்பதில்லை. அன்று அவள் ஒலிப்பதிவுக் கருவியை வரவேற்பு மேசையில் வைத்து, பொத்தானை அழுத்திவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

பதினொன்றரை: ஒருவர் வந்தார். மரண அறிவித்தல் பெறப்பட்டது.

பன்னிரண்டே முக்கால்: வாசிக்கப்பட்டது.

அதற்குக் கீழே ஒரே வரி: மிஸ் வாயில் பஞ்சோடு வந்தார்.

இரண்டு இடத்தில் ஒரே இலக்கம்

வாயில் பஞ்சோடு வந்தவள் கதைக்க முடியாமல் ஒரு துண்டில் "படிவம்" என்று எழுதிக் காட்டினேன். தர்சிகா எடுத்துத் தந்தாள். அழகான கையெழுத்து. மேல் பாகத்தில் இறந்தவரின் விவரம், அடையாள அட்டை இலக்கம். கீழ்ப் பாகத்தில் தகவல் தந்தவரின் அடையாள அட்டை இலக்கமும் கையொப்பமும். இரண்டு இலக்கமும் ஒன்று.

பயிற்சியாளர்கள் வழக்கமாக விடும் பிழை. "ஒரே இலக்கத்தை இரண்டு தரம் எழுதியிருக்கிறீர்" என்று எழுதிக் காட்டினேன்.

"இல்ல மிஸ். மேல உள்ளதை அவர் வாயால சொன்னவர். கீழ உள்ளதை நான் அட்டையைப் பாத்து எழுதினனான்."

சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது அவளுக்குக் கேட்டது. கையைப் பின்னால் நீட்டிக் கதிரையைத் தேடிப் பிடித்து உட்கார்ந்தாள்.

"அட்டையில் பேர்?" என்று எழுதினேன்.

"பேர் பாக்கேல்ல மிஸ். பன்னிரண்டு மணிச் செய்திக்குப் பத்து நிமிசம்தான் இருந்தது. படிவத்தில இலக்கம் மட்டும்தானே கேட்டிருக்கு."

உண்மை. படிவம் நான் வரைந்தது.

எழுதிக் கேட்கக் கேட்கச் சொன்னாள். வந்தவருக்கு ஐம்பது வயது மதிக்கலாம். வெறுங்கால். பழைய காலத்து அட்டை. அதை மூடிய பிளாஸ்ரிக் ஓரத்தில் பிரிந்து, உள்ளே வெள்ளையாய் ஏதோ பூத்திருந்தது. படத்தில் முகம் அந்த வெள்ளைக்குள் போய்விட்டது. "தொட்டா பிறிச்சுக்குள்ள இருந்து எடுத்த மாதிரிக் குளிர் மிஸ். வெளியில அவ்வளவு வெயில்." இறந்தவருக்கு என்ன முறை என்று கேட்டாளாம். "அதை விடுங்கோ பிள்ளை, அட்டை போதும்தானே" என்றாராம். கிரியை எங்கே என்று கேட்டாளாம். "அது முடிஞ்சுது. இனிச் செய்ய ஒண்டுமில்லை" என்றாராம்.

கையொப்பத்தைப் பார்த்தேன். அதைச் சுற்றி ஒரு உள்ளங்கை அளவுக்குத் தாள், நனைந்து காய்ந்ததுபோல் சுருங்கியிருந்தது. நாக்கு தானாகப் பல் இருந்த குழியைத் தொட்டது. இரும்புச் சுவை.

முகாமையாளர் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். கையில் ரெலிபோன். சல்லியிலிருந்து பத்துப் பேர் எடுத்துவிட்டார்களாம்.

"ஆரோ விளையாடியிருக்கிறாங்கள். தர்சிகா, நீர் ரெலிபோன்ல வந்ததை எழுதிப்போட்டு, ஆள் வந்ததெண்டு கதை விடாதேயும். கீழ வாசல்ல ஒருத்தரும் ஏறேல்ல எண்டு காவலாளி சொல்லுறான்."

"வந்தவர் சேர். இந்தக் கதிரையிலதான் இருந்தவர்." அப்போதுதான் அவளுக்கு நினைவு வந்தது. "சேர், ரெக்கோடர் ஓடிக்கொண்டு இருந்தது. நான் நிப்பாட்டேல்ல."

மூவரும் மேசையைச் சுற்றி நின்று கேட்டோம்.

முதலில் அறையின் மௌனம். பிறகு தர்சிகாவின் குரல்: "வாங்கோ ஐயா, இருங்கோ." ஓர் இடைவெளி. "ஓம், சொல்லுங்கோ. முழுப் பேர்?" இடைவெளி. "பிறந்தது, இருந்தது ரெண்டும் சல்லியோ?" இடைவெளி. "கிரியை எங்க ஐயா?" இடைவெளி.

எதிர்க்குரல் எங்கும் இல்லை. ஆனால் ஒவ்வோர் இடைவெளியும் ஒரு பதிலுக்குத் தேவையான நீளம். அந்த இடைவெளிகளில் மட்டும் தண்ணீர்ச் சத்தம். பெரிய அலை இல்லை. வள்ளத்தின் பக்கப் பலகையைத் தண்ணீர் தட்டித் தட்டிப் பார்க்கும் சத்தம். அவள் கேள்வி கேட்கும்போது அது நின்றது. கேட்டு முடித்ததும் தொடங்கியது.

நாங்கள் நின்றது இரண்டாம் மாடி. ஜன்னல்கள் பூட்டியிருந்தன. உள்துறைமுகத்தில் அலை அடிப்பதில்லை.

கடைசியில் பேனை தாளில் கீறும் சத்தம். "நன்றி ஐயா." பிறகு அறையின் மௌனம், சுத்தமாக.

"மெஷின் பழுது," என்றார் முகாமையாளர். குரல் கொஞ்சம் ஏறியிருந்தது. "மிஸ், உங்கட பதினோராம் பந்திதானே? உறுதிப்படாத அறிவித்தலுக்கு மறுநாள் அதே நேரம், அதே குரலில திருத்தம். நாளைக்கு இவ வாசிக்கட்டும். வாசிக்காட்டி ரிப்போட்டில திருப்தியற்றது எண்டு போட்டு வீட்டை அனுப்புங்கோ."

எல்லாப் பந்திகளிலும் அந்த ஒன்றை மட்டும் அவர் வாசித்திருந்தார்.

புஷ்பம் கேட்ட கேள்விகள்

மூன்று மணிக்குப் புஷ்பம் வந்தாள். தலை பாதி நரைத்திருந்தது. பார்த்தவுடன் என்னைத் தெரிந்துகொண்டாள்.

"நீங்களோ மிஸ்? இப்ப இங்கயும் போம் திருப்பி அனுப்புறீங்களோ?"

வாயில் பஞ்சு இருந்ததால் பதில் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

வீட்டு வாசலில் அதற்குள் யாரோ வெள்ளைக்கொடி கட்டிவிட்டார்களாம். வாசிகசாலையிலிருந்து கதிரைகள் வந்துவிட்டனவாம். அழ வந்தவர்கள் அவளை வீட்டில் காணாமல் தங்களுக்குள் அழுதுகொண்டிருக்கிறார்களாம். இதையெல்லாம் சொல்லிவிட்டுத் தர்சிகாவின் முன்னால் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தாள்.

"பிள்ளை, எந்தக் கையால கையெழுத்து வச்சவர்?"

"இடது கையால அம்மா."

"செருப்பு?"

"இல்ல. வெறுங்கால்."

"இந்த வெயில்லயோ?"

"ஓம்."

"எப்பவும் அப்படித்தான். சொன்னாக் கேக்கிற ஆள் இல்லை." புஷ்பம் முந்தானையால் மேசையின் விளிம்பைத் துடைத்தாள். அதில் தூசி இருக்கவில்லை. "என்னைப் பத்தி ஏதும் கேட்டவரோ?"

தர்சிகா என்னைப் பார்த்தாள். நான் தலையை அசைக்கவில்லை. "இல்ல அம்மா. உங்கட பேரை மட்டும் சொன்னவர். எழுத்துப் பிழை விடாமல் எழுதச் சொன்னவர்."

முகாமையாளர் முன்னால் வந்தார். கையைக் கட்டிக்கொண்டு, மரியாதையாகத்தான் சொன்னார். "அம்மா, மன்னிச்சுக்கொள்ளுங்கோ. பிழையான அறிவித்தல். நாளைக்குத் திருத்தம் போடுவம்."

"என்ன திருத்தம்?"

"அவர் சாகேல்லை எண்டு. அதாவது, அந்த அறிவித்தல் பிழை எண்டு."

"தம்பி," என்றாள் புஷ்பம். சத்தம் உயரவில்லை. "பன்னிரண்டு வருசமா அவர் சாகவும் இல்லை, இருக்கவும் இல்லை. இண்டைக்கு மத்தியானம்தான் செத்தவர். இன்னும் மூண்டு மணித்தியாலம் ஆகேல்லை. நாளைக்குத் திரும்ப உசிராக்காதேங்கோ."

முகாமையாளர் கட்டிய கையை அவிழ்த்தார்.

"நான் திருத்தம் வாசிக்கமாட்டன் சேர்," என்றாள் தர்சிகா.

"அப்ப உம்மட ரிப்போட்?"

"அதை மிஸ் எழுதட்டும்."

மூவரும் என்னைப் பார்த்தார்கள். பஞ்சை எடுத்துக் குப்பைக் கூடையில் போட்டேன். பல் போன பிறகு நான் வாய் திறந்து சொன்ன முதல் வார்த்தைகள்: "பன்னிரண்டாம் பந்தி."

முகாமையாளருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. அறிவித்தலின் உண்மை குறித்து அரசாங்கக் கந்தோர் ஒன்றிடம் எழுத்தில் விசாரித்திருந்தால், பதில் வரும் வரை திருத்தம் வாசிக்கப்படலாகாது. சம்பந்தப்பட்டவரின் அறிக்கையும் அதுவரை நிறுத்தி வைக்கப்படும்.

"என்னத்தை விசாரிக்கிறது மிஸ்?" என்றார்.

யோகராசாவின் அட்டை அவருடைய சட்டைப் பையோடு கடலுக்குப் போனது. அதைப் புஷ்பம் சொன்னாள். உயிரோடு எங்காவது இருந்தால் பன்னிரண்டு வருடத்தில் இரண்டாவது அட்டை எடுக்காமல் இருக்க முடியாது. அட்டை இல்லாத மனிதன் இந்த நாட்டில் ஒரு சோதனைச் சாவடியைக்கூடத் தாண்ட மாட்டான். ஆகவே கொழும்பில் அட்டை வழங்கும் கந்தோருக்கு ஒரே ஒரு கேள்வி: இந்த இலக்கத்துக்கு இரண்டாவது அட்டை கொடுக்கப்பட்டதா? ஆம் என்றால் திருத்தம் வாசிப்போம். இல்லை என்றால் அறிவித்தல் அப்படியே நிற்கும்.

புஷ்பம் கதிரையை என் பக்கம் திருப்பினாள். "எடுத்திருந்தா, எங்கயோ இருக்கிறார். என்னை விட்டிட்டு."

"ஓம்."

"பதில் எப்ப வரும் மிஸ்?"

"வராது," என்றேன்.

நாற்பது வருடத்தில் அந்தச் சொல்லை ஆறுதலாகச் சொன்னது அதுதான் முதல் தடவை.

"வராட்டி என்ர ரிப்போட்டும் வராது, அப்படித்தானே மிஸ்?" என்று கேட்டாள் தர்சிகா.

"அப்படித்தான்."

அவள் பதிவேட்டைத் திறந்து பேனையை எடுத்தாள். பஞ்சு பற்றிய அந்த வரியை எழுதியது அப்போதுதான்.

நிலுவை

கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். பிரதி கோப்பில் போட்டேன்.

சல்லியில் தர்ப்பையால் ஓர் உருவம் செய்து கிரியை நடந்தது. முப்பத்தோராம் நாள் சடங்குக்கு எனக்கும் தர்சிகாவுக்கும் சொல்லியனுப்பினாள் புஷ்பம். போனோம். சுவரில் யோகராசாவின் படத்துக்குப் புதிதாக மாலை போட்டிருந்தது. தர்சிகா படத்தைப் பார்த்தவுடன் முற்றத்துக்குப் போய்விட்டாள். வெகு நேரம் திரும்பி வரவில்லை. நான் ஒன்றும் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

அவளுடைய மூன்று மாதம் முடிந்தது. கல்லூரி இரண்டு தடவை எழுதிக் கேட்டது. "விசாரணை நிலுவையில் உள்ளது" என்று இரண்டு தடவை பதில் போட்டேன். அவள் தொடர்ந்து வந்தாள். அதே முதல் பஸ், அதே கடல் நிலை, அதே மீன் சந்தை. முகாமையாளர் அந்த அறிவித்தல் படிவத்தைத் தன் அறைக்குள் வைத்திருக்க விரும்பவில்லை. என் மேசைக்குத் தள்ளிவிட்டார். கச்சான் போய் மாரி வந்தது. மற்ற எல்லாத் தாளும் ஈரத்தில் நெளிந்தபோது, அந்தச் சுருங்கிய இடம் மட்டும் மொறுமொறுப்பாகக் காய்ந்து கிடந்தது.

சில நாட்களில் பதினொன்றரைக்கு அவள் வரவேற்பு மேசையின் எதிர்க் கதிரையை நேராக்கி வைத்து, ரெக்கோடரை ஓடவிட்டு இருப்பதைக் கண்டேன். பிறகு காதில் மாட்டிக் கேட்பாள். அறையின் மௌனம் மட்டும்தான் என்று அவள் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொள்வேன். ஒரு நாள் நானும் அந்தக் கதிரையில் இருந்து பார்க்க நினைத்தேன். கையை வைத்தேன். இருக்கவில்லை.

தை மாதத்தில் கொழும்பு நிலையம் ஒன்றில் செய்தியாளர் இடம் வெறுமையானது. சான்றிதழோடு விண்ணப்பிக்க ஒரு மாத அவகாசம். அவள் விளம்பரத்தை வெட்டி எடுத்துக்கொண்டு என் மேசைக்கு வந்தாள்.

"மிஸ், அந்தக் கடிதத்துக்கு ஒரு நினைவூட்டல் அனுப்பலாமோ?"

"அனுப்பலாம். மூன்று மாதம் கழிந்தால் விதியில் இடமுண்டு. நினைவூட்டினால் சில வேளை பதில் வரும்."

"வந்தா, ரெண்டாவது அட்டை எடுத்திருக்கு எண்டு வந்தா?"

"நீர்தான் திருத்தம் வாசிக்க வேண்டும்."

ஜன்னலுக்கு வெளியே துறைமுகத்தில் ஒரு இழுவைப் படகு நின்ற இடத்திலேயே நின்றது. அவள் அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு விளம்பரத்தை நாலாக மடித்துப் பதிவேட்டுக்குள் வைத்தாள்.

"வேண்டாம் மிஸ். கிடக்கட்டும்."

அந்த இடம் வேறு யாருக்கோ போனது. விளம்பரம் இன்னும் பதிவேட்டுக்குள் இருக்கிறது.

நேரில் வந்தவர்

தபால்காரர் கடித உறையைக் கொண்டு வந்தபோது நிலையத்தில் நான் மட்டும் இருந்தேன். ஆடி அமாவாசை. மற்றவர்கள் எல்லாம் கடற்கரைகளில். தர்சிகா சல்லியில், தீர்த்தத்தின் ஒலிகளைப் பதிந்துகொண்டிருந்தாள். கோப்பையும் தர்சிகாவின் அறிக்கையையும் எடுத்துக்கொண்டு, நிற்க நேரம் இல்லாதவள்போல் ஓட்டோ பிடித்தேன். உறையை ஓட்டோவுக்குள்ளேயே கிழித்தேன். பாதி வழியில், கச்சான் மண்ணை அள்ளி முகத்தில் எறிய, வாசித்து முடித்தேன். மறுபடியும் வாசித்தேன்.

கோயிலடிக் கடற்கரையில் தகப்பனுக்கும் புருசனுக்கும் தர்ப்பணம் கொடுத்தவர்கள் ஈர உடுப்போடு கரையேறிக்கொண்டிருந்தார்கள். புஷ்பம் தண்ணீரிலிருந்து வந்தாள். தர்சிகா மைக்கைத் தாழ்த்தினாள். இருவரும் உறையைப் பார்த்தார்கள்.

"பதில்," என்றேன்.

"வராதெண்டு சொன்னீங்கள்," என்றாள் புஷ்பம்.

இரண்டு பந்தி. முதலாவதை வாசித்தேன். "தங்களால் குறிப்பிடப்பட்ட இலக்கத்துக்கு இரண்டாவது அட்டை கோரப்படவோ வழங்கப்படவோ இல்லை எனத் தெரிவித்துக்கொள்கின்றேன்."

தர்சிகா மண்ணில் குந்தினாள். புஷ்பம் கண்ணை மூடித் திறந்தாள். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்துவதற்கு ஓட்டோவுக்குள் முடிவும் எடுத்திருந்தேன். ஆனால் ஒரு தடவை இந்தப் பெண்ணுக்குச் சொல்லாமல் விட்டவள் நான். இரண்டாம் பந்தியையும் வாசித்தேன்.

"இவ்விடயம் தொடர்பாக நேரில் சமுகமளித்து விசாரித்த அட்டையாளருக்கும் இதே விவரம் வாய்மொழியாக அறிவிக்கப்பட்டது."

அலை வந்து எங்கள் காலடியில் நின்று திரும்பியது.

"மிஸ்," என்றாள் தர்சிகா, "அட்டையாளர் எண்டா?"

அரசாங்கக் கடிதத்தில் அந்தச் சொல்லுக்கு ஒரே கருத்துத்தான். எவருடைய பெயரில் அட்டை இருக்கிறதோ அவர். கொழும்பில் ஏதோ ஒரு கவுண்டரில் ஒரு லிகிதர் தலை நிமிராமல் அட்டையை வாங்கி, இலக்கத்தைப் பார்த்து, இல்லை ஐயா, இரண்டாவது அட்டை எடுக்கவில்லை என்று சொல்லியிருக்கிறார். கையில் அது எப்படிக் குளிர்ந்தது என்று அவரைக் கேட்க எந்தப் படிவத்திலும் கூடு இல்லை.

புஷ்பம் கடிதத்தை வாங்கினாள். எழுத்துக் கூட்டி இரண்டு பந்தியையும் தானே வாசித்தாள். தலைமயிரிலிருந்து உப்புத் தண்ணீர் சொட்டித் தாளில் விழுந்தது. மெல்லச் சிரித்தாள் என்றுதான் நினைக்கிறேன்.

"அவருக்கும் சந்தேகம் இருந்திருக்கு," என்றாள். பிறகு என்னைப் பார்த்தாள். "இனி இல்லைத்தானே மிஸ்?"

நாங்கள் கேட்டது ஒரே கேள்வி. அதற்குப் பதில் முதலாம் பந்தியில் இருக்கிறது. இரண்டாம் பந்தி நாங்கள் கேட்காதது. கேட்காததைக் கவனத்தில் எடுப்பது என் கடமைப் பட்டியலில் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை.

"இல்லை," என்றேன்.

கரையில் கிடந்த ஒரு வள்ளத்தின் விளிம்பில் தாள்களை வைத்து எழுதினேன். தர்சிகாவின் அறிக்கையில் "திருப்தியற்றது" என்ற சொல்லை வெட்டினேன். கோப்பின் மேல்: விசாரணை முடிவுற்றது, திருத்தம் அவசியமில்லை. கடிதம் புஷ்பத்தின் கையிலிருந்து திரும்பி வந்தபோது, சொட்டு விழுந்த இடம் அதற்குள் காய்ந்து, உள்ளங்கை அளவுக்குச் சுருங்கியிருந்தது.

திகதி எழுதும் இடத்தில் நாற்பது வருடம் இலக்கங்களை மட்டுமே எழுதியவள் நான். அன்று எழுதவில்லை. பதில் கிடைத்த திகதி: ஆடி அமாவாசை, முற்பகல்.